பிள்ளைகள் இல்லாமல் டிஸ்னி கப்பலில் ஏறலாமா?

வாசகர் கேள்வி – பதில்: பயணம்

சிங்கப்பூரிலிருந்து டிஸ்னி கப்பல் கிளம்புகிறது என்ற செய்தி வந்ததிலிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்துகொண்டிருக்கிறது: “குழந்தைகளுக்கென்று செய்த கப்பலில் பெரியவர்கள் மட்டும் போனால் நன்றாக இருக்குமா?” அமெரிக்காவில் இருப்பவர்கள் ஃப்ளோரிடா கப்பல்களைப் பற்றிக் கேட்கிறார்கள், சென்னைக்காரர்கள் சிங்கப்பூரைப் பற்றி. கடிதங்களைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எனக்கு 41 வயது, கணவருக்கு 44. குழந்தைகள் இல்லை. அவர் சின்ன வயதிலிருந்தே மிக்கி மவுஸ் பைத்தியம். ஃப்ளோரிடாவிலிருந்து பஹாமாஸ் போகும் 4 இரவு டிஸ்னி கப்பலில் போக ஆசைப்படுகிறார். நான்கு நாளும் கூச்சலுக்கு நடுவில் மாட்டிக்கொள்வோமோ என்று எனக்குப் பயம். விலையும் மற்ற கப்பல்களைவிட மிக அதிகமாகத் தெரிகிறது. போகலாமா?
— வாசகி, டாலஸ்

தாராளமாகப் போகலாம். வீட்டில் ஒருவருக்கு டிஸ்னி பிடித்தால் போதும். இருவருக்குமே அதில் ஒட்டுதல் இல்லை, கடலும் ஓய்வும்தான் வேண்டும் என்றால் அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. ஒரே வாரம், ஒரே துறைமுகம் என்றாலும் பக்கத்துக் கம்பெனியைவிட டிஸ்னி ஒன்றரை மடங்கு, சில வாரங்களில் இரண்டு மடங்கு வரை கேட்கும். அந்தக் கூடுதல் காசு கதாபாத்திரங்களுக்கும் மேடை நிகழ்ச்சிகளுக்கும் பணியாளர்களின் கவனிப்புக்கும் போகிறது. அவை உங்களுக்கு வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கூச்சல் கப்பல் முழுக்க இருக்காது. நடுத் தளத்துக் குடும்ப நீச்சல் குளம், அதற்கு மேலே நாள் முழுக்கப் படம் ஓடும் பெரிய திரை, மதிய பஃபே, லிஃப்ட் வாசல், மாலை ஐந்தரை மணிக்கு உணவகக் கதவு. இந்த ஐந்து இடங்களில்தான் அது குவிந்திருக்கும். குடும்பக் குளம் படத்தில் பெரிதாகத் தெரியும், நேரில் சிறியது. கடலிலேயே இருக்கும் நாளில் நண்பகல் 12 மணிக்கு அங்கே தண்ணீரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் போக வேண்டிய குளம் ‘க்வயட் கோவ்’. 18 வயதுக்குக் கீழே அனுமதி கிடையாது, கட்டணமும் கிடையாது. டிஸ்னியின் ட்ரீம், ஃபேண்டஸி என்ற கப்பல்களில் இது 11-ஆம் தளத்தின் முன்பக்கம் இருக்கிறது. பக்கத்திலேயே ‘கோவ் கஃபே’ என்ற காபிக் கடை. எஸ்பிரெஸோ வகைகளுக்குக் காசு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கும் சின்னச் சின்னத் தின்பண்டங்கள் இலவசம். இந்தக் குளத்தில் பலர் யோசிக்காத ஒரு லாபமும் உண்டு. அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் கப்பல் சுகாதார விதிப்படி, ஒரு குழந்தை குளத்தை அசுத்தம் செய்துவிட்டால் உடனே மூடி, குளோரினை ஏற்றி, சுத்தம் செய்த பிறகுதான் திறக்க வேண்டும். டயப்பர் போடும் வயதுப் பிள்ளைகளைக் குளத்தில் இறக்கக் கூடாது என்பதும் விதிதான். ஆனாலும் குடும்பக் குளங்கள் இப்படி மூடிக் கிடப்பது நடக்கிறது. பெரியவர்கள் குளத்துக்கு அந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

அடுத்து சாப்பாடு. இரவு உணவு இரண்டு பந்தி. முதல் பந்தி 5.45 மணி வாக்கில், இரண்டாவது 8.15 வாக்கில். சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் முதல் பந்திக்கு ஓடுவார்கள். நீங்கள் புக் செய்யும்போதே இரண்டாவதைக் கேளுங்கள். இரண்டாவது பந்திக்கு வரும் பிள்ளைகளையும் முக்கால் மணி நேரத்தில் சாப்பிட வைத்து, விளையாட்டு அறைப் பணியாளர்களே வந்து அழைத்துப் போய்விடுவார்கள். ஒன்பது மணிக்கு மேல் உணவகத்தின் சத்தமே மாறிவிடும். இரவுக்கு ஒரு உணவகமாக மூன்றைச் சுற்றி வருவீர்கள். பரிமாறுபவர்களும் உங்களோடு கூடவே வருவார்கள். அதனால் முதல் இரவே உங்கள் ருசியைச் சொல்லிவிட்டால் மற்ற இரவுகளில் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

மேஜை விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எதுவும் சொல்லாமல் இருந்தால் உங்கள் இருவரையும் இன்னொரு குடும்பத்தோடு எட்டுப் பேர் மேஜையில் உட்கார வைக்கலாம். “இருவர் மட்டும் உட்காரும் மேஜை” அல்லது “பெரியவர்கள் மட்டும் உள்ள மேஜை” என்று பயணத்துக்கு முன்பே போன் செய்து குறித்துவையுங்கள். அப்படியும் கிடைக்கவில்லையா? கப்பலேறிய அன்று மதியம் உணவகப் பொறுப்பாளர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து மேஜை மாற்றித் தருவார்கள். இடமும் நேரமும் டிஸ்னி கப்பலின் மொபைல் ஆப்பில் இருக்கும். குளத்தைப் பார்க்கப் போகும் முன் அங்கே போங்கள். முதல் இரவு சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டால் நடப்பது கடினம்.

பெரியவர்களுக்கு மட்டுமான ‘பாலோ’ உணவகத்துக்குத் தனிக் கட்டணம், ஆளுக்குச் சுமார் 50 டாலர். அதன் காலை விருந்துதான் பெயர் பெற்றது, அது கடல் நாளில்தான் நடக்கும், இடமும் குறைவு. முதல் தடவை வருபவர்களுக்குப் பயணத்துக்கு 75 நாள் இருக்கும்போதுதான் முன்பதிவு திறக்கும். ஏற்கெனவே வந்தவர்களுக்கு 90, 105, 120 நாள் என்று முன்னதாகவே திறந்துவிடும். முழுப் பணமும் கட்டியிருந்தால்தான் டிஸ்னியின் இணையப் பக்கத்தில் பதிவு செய்ய முடியும். எனவே 75-ஆம் நாள், அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நள்ளிரவு 12 மணிக்கே உட்காருங்கள். இடம் இல்லை என்று வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். ரத்து செய்பவர்கள் கடைசி வாரத்தில் அதிகம். கப்பலேறிய அன்று நேரில் கேட்டும் பலருக்குக் கிடைக்கிறது. அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, கிழிந்த ஜீன்ஸ் அணிந்து போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஸ்பாவில் நீராவி அறைகளுக்குப் பயணம் முழுக்கச் செல்லும் பாஸும் எண்ணிக்கையில் குறைவுதான். வேண்டுமானால் அதையும் ஏறிய அன்றே வாங்கிவிடுங்கள்.

பஹாமாஸில் டிஸ்னியின் சொந்தத் தீவான காஸ்ட்அவே கேயில் கப்பல் நிற்கும் நாள் உங்களுக்கு நல்ல நாள். துறையிலிருந்து வரும் டிராம் வண்டியில் குடும்பங்கள் முதல் கடற்கரையில் இறங்கிவிடும். நீங்கள் இறங்காதீர்கள் என்று சொல்லவில்லை. இறங்கி, அங்கேயே இரண்டாவது டிராமுக்கு மாறுங்கள். கோர்டா கே என்ற பழைய பெயரில் இந்தத் தீவு இருந்த காலத்து விமான ஓடுதளத்தின் மேலேயே அந்த வண்டி நேராக ஓடும். முடிவில் ‘செரினிட்டி பே’, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கடற்கரை. அங்கேயே தனியாகச் சுட்ட இறைச்சி, மீன் சாப்பாடு உண்டு, குடும்பப் பக்கம் வந்து வரிசையில் நிற்க வேண்டாம். காலை ஒன்பதரைக்குள் போய்விட்டால் நிழல் கிடைக்கும். பதினொன்றுக்கு மேல் போனால் குடை அடியில் நாற்காலி கிடைப்பது அதிர்ஷ்டம். சில பயணங்களில் இதற்குப் பதில் எலூத்ரா தீவின் லுக்அவுட் கேயில் நிற்பார்கள். அங்கேயும் பெரியவர் கடற்கரை இருக்கிறது, ஆனால் கப்பலிலிருந்து கரைக்குப் பாலம் மிக நீளம், வெயிலில் நடக்க வேண்டியிருக்கும்.

தீவுக்கு எல்லாரும் இறங்கிய பிறகு கப்பலில் தங்கிவிடுவது இன்னொரு வழி. தண்ணீர் சறுக்கு மரத்தில் ஒரு மணி நேரம் நின்ற வரிசை அன்று காலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இரவு 9 மணிக்கு மேல் மதுக்கூடங்கள் பெரியவர்களுக்கு மட்டும் ஆகிவிடும். தம்பதிகளை மேடையேற்றிக் கேள்வி கேட்கும் நிகழ்ச்சி, இசை, விஸ்கி, ஒயின் ருசி பார்க்கும் அமர்வுகள் என்று போகும் (அமர்வுகளுக்குத் தனிக் காசு, முன்பதிவு வேண்டும்). சூதாட்டக் கூடம் டிஸ்னி கப்பல்களில் கிடையாது. விடிய விடிய ஆட்டம் பாட்டம் என்று எதிர்பார்ப்பவர்களுக்குப் பன்னிரண்டு மணிக்குக் கப்பல் தூங்கிவிட்டது போல இருக்கும்.

இனி மறைந்திருக்கும் செலவு. சாப்பாட்டு மேஜையில் சோடா, குளிர்பானம் இலவசம். மதுவுக்கு “இவ்வளவு கட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும்” என்ற பேக்கேஜ் ஃப்ளோரிடா கப்பல்களில் இல்லை, ஒவ்வொரு கோப்பைக்கும் காசு, அதன் மேல் 18 சதவீதம் டிப்ஸ். அதற்கு ஈடாக ஒரு சலுகை உண்டு: 21 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் கப்பலேறும்போது திறக்காத ஒயின் பாட்டில் இரண்டு அல்லது பீர் ஆறு கொண்டுபோகலாம். கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும், பெட்டியில் வைத்து அனுப்பினால் எடுத்துவைத்துவிடுவார்கள். பணியாளர் டிப்ஸ் ஆளுக்கு இரவுக்குச் சுமார் 16 டாலர். இருவருக்கு 4 இரவு என்றால் 128 டாலரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிஸ்னியிலேயே எந்தக் கப்பல் பெரியவர்களுக்கு நல்லது? கேபினை எப்படித் தேர்ந்தெடுப்பது?
— வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

புதிய கப்பல்தான் நல்ல கப்பல் என்று எல்லாரும் நினைப்பார்கள். இந்தக் கேள்விக்கு அது பொருந்தாது. 2011-ல் வந்த ட்ரீம், 2012-ல் வந்த ஃபேண்டஸி இரண்டிலும் பெரியவர்களுக்கான மதுக்கூடங்கள் எல்லாம் 4-ஆம் தளத்தின் பின்பக்கம் ஒரே தெரு போலச் சேர்ந்திருக்கும். ஒன்று பிடிக்கவில்லை என்றால் பத்தடி நடந்து அடுத்ததற்குப் போகலாம். 2022-ல் வந்த விஷ், அதன் பின் வந்த ட்ரெஷர், டெஸ்டினி கப்பல்களில் கூடங்கள் பார்க்க இன்னும் அழகு, ஆனால் கப்பல் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. பலவற்றில் பகலில் குழந்தைகளையும் விடுவார்கள். மாலை நான்கு மணிக்கு ஒரு கோப்பையோடு அமைதியாக உட்காரலாம் என்று போனால் பக்கத்து மேஜையில் மூன்று பிள்ளைகள் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருப்பார்கள். இருவராகப் போகும் முதல் பயணத்துக்கு ஃபேண்டஸி அல்லது ட்ரீம் என்பதே எங்கள் தேர்வு. 1998, 1999-ல் வந்த மேஜிக், வொண்டர் சிறியவை, பழையவை. ஆனால் அலாஸ்கா போவதென்றால் வான்கூவரிலிருந்து கிளம்பும் வொண்டர் நல்ல கப்பல். அங்கே பார்க்க வேண்டியது கப்பலுக்கு வெளியே இருக்கிறது.

கேபினுக்கு மூன்று விதி. ஒன்று, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கேபின்களே இருக்கும் தளமாகப் பாருங்கள். 6 முதல் 8 வரை பாதுகாப்பு. குளத்துத் தளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியற்காலையில் சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் உச்சந்தலையில் கேட்கும். இரண்டு, பக்கத்துக் கேபினோடு இணைக்கும் உள்கதவு உள்ள அறை வேண்டாம். அந்தக் கதவின் இடுக்கில் பக்கத்து அறையின் கார்ட்டூன் முழுதும் உங்கள் அறைக்கு வந்துவிடும். தளப் படத்தில் இந்தக் கதவுகளைக் குறித்திருப்பார்கள். மூன்று, லிஃப்ட்டிலிருந்து நாலைந்து கதவாவது தள்ளிப் பாருங்கள்.

டிஸ்னியில் பெரும்பாலான கேபின்களில் கழிவறை தனி, குளியலறை தனி. குழந்தைகளுக்காகச் செய்த ஏற்பாடுதான், ஒரே நேரத்தில் கிளம்பும் கணவன் மனைவிக்கும் சௌகரியம். கேபின் கதவுகள் இரும்பு என்பதால் குடும்பங்கள் காந்தப் படங்களை ஒட்டி அலங்கரித்து வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நடைவழியில் நடப்பது ஒரு தனி வேடிக்கை. தள்ளுவண்டிகளில் மட்டும் கால் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த மாதம் போனால் குழந்தைகள் குறைவு?
— வாசகி, சார்லட், வட கரோலினா

இதுதான் மிக முக்கியமான கேள்வி. தவறான வாரத்தில் போனால் மேலே சொன்ன எந்த உபாயமும் முழுதாக உதவாது.

ஜூன் தொடங்கி ஆகஸ்ட் நடு வரை, மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரையுள்ள வசந்த விடுமுறை, நன்றி கூறும் வாரம், கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை — இந்த நான்கையும் விட்டுவிடுங்கள். ஜனவரி இரண்டாம் வாரம் முதல் பிப்ரவரி முதல் வாரம் வரை நல்ல காலம் (மார்ட்டின் லூதர் கிங் தினம் வரும் நீண்ட வார இறுதி நீங்கலாக). டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில் கிறிஸ்துமஸ் அலங்காரம் இருக்கும், பள்ளிகளும் திறந்திருக்கும். தம்பதிகள் அதிகம் வருவது அப்போதுதான். செப்டம்பரில் விலையும் குறைவு, பிள்ளைகளும் குறைவு. ஆனால் அது அட்லாண்டிக் புயல் காலத்தின் உச்சம். புயல் வந்தால் கப்பல் பாதை மாற்றிப் போகுமே தவிர, தீவு போயிற்றே என்று பணம் திரும்ப வராது. அக்டோபரில் பேய் வேடக் கொண்டாட்டத்துக்காகவே குடும்பங்கள் வருகின்றன, அதனால் அது அமைதியான மாதம் என்று நம்பிவிடாதீர்கள்.

ஒன்று கவனியுங்கள். செப்டம்பரிலும் ஜனவரியிலும் பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளைகள்தான் குறைவார்கள். பள்ளிக்குப் போகாத இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் அப்போது கூடத்தான் செய்வார்கள், விலை குறைவு என்பதால். அவர்கள் தூங்கப் போகும் நேரம் சீக்கிரம் என்பது ஆறுதல். பயண நாள் கூடக் கூடப் பிள்ளைகளும் குறைவார்கள். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலை இடம் மாற்றும் அட்லாண்டிக் பயணத்தில் தொடர்ந்து பல நாள் கடல்தான். அதில் தலை நரைத்தவர்களே பாதிக்கு மேல் தெரிவார்கள்.

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் ஓய்வு பெற்றவர்கள், சுத்த சைவம். பையன் டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்கிறான். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
— வாசகி, மயிலாப்பூர், சென்னை

பட்டினி கிடக்க மாட்டீர்கள். புக் செய்யும்போதே உணவுக் குறிப்பில் சைவம், முட்டை கூடாது என்பதை எழுதச் சொல்லுங்கள். முதல் இரவு பரிமாறுபவரிடம் “நாளைக்கு இந்திய சைவச் சாப்பாடு வேண்டும்” என்று சொல்லுங்கள். மெனுவில் இல்லாவிட்டாலும் ஒரு நாள் முன்னே சொன்னால் பருப்பு, கறி, சோறு, ரொட்டி என்று செய்து தருவார்கள். வடநாட்டுச் சமையல்தான் வரும், ரசம் எதிர்பார்க்க வேண்டாம். பூண்டு, வெங்காயம் சேர்க்கக் கூடாது என்றால் அதையும் முதல் நாளே சொல்லியாக வேண்டும், பரிமாறும் நேரத்தில் சொன்னால் ஒன்றும் செய்ய இயலாது. மதிய பஃபேயில் சூப்பைக் கேட்காமல் எடுக்காதீர்கள், காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழிச் சாறு சேர்ந்திருக்கலாம். வீட்டில் செய்த சாதம், ஊறுகாய் மாதிரி ஈரப் பண்டங்களை எடுத்துப் போக முடியாது. கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட் தின்பண்டங்களுக்குத் தடையில்லை.

கூடவே ஒன்று. குழந்தைகள் நிறைந்த கப்பலில் வயிற்றுப்போக்குக் கிருமி பரவினால் வயதானவர்களுக்கு அது கடுமையாக இருக்கும். உணவக வாசலில் கை துடைக்கத் தரும் ஈரத் தாளோடு நிறுத்திக்கொள்ளாமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் சானிடைசர் சரியாக வேலை செய்யாது.

கேள்வி: அக்கா குடும்பத்தோடு போகிறோம். அவளுக்கு 5, 2 வயதில் இரண்டு பிள்ளைகள். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பதால் எங்கள் தலையில்தான் கட்டுவார்கள் என்று என் மனைவி இப்போதே முணுமுணுக்கிறாள். என்ன செய்யலாம்?
— வாசகர், சான் ஹோசே

அக்கா பிள்ளைகளை ஒரு மாலை பார்த்துக்கொள்வதில் தப்பில்லை. நான்கு மாலையும் என்றால் முணுமுணுப்பு நியாயம்தான். நல்லவேளையாக இதற்குக் கப்பலிலேயே வழி இருக்கிறது.

ஐந்து வயதுக் குழந்தைக்கு ‘ஓஷனியர் க்ளப்’ இலவசம், இரவு வரை திறந்திருக்கும். அங்கே பிள்ளையை விடவும் எடுக்கவும் பெற்றோர் பதிவு செய்துவைத்த ஆட்களால் மட்டுமே முடியும், ரகசியச் சொல்லும் கேட்பார்கள். உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் “கொஞ்சம் கூட்டிட்டு வந்துடு” என்ற போனே வராது. எங்கள் யோசனை: அந்தப் பட்டியலில் உங்கள் பெயரைப் போட வேண்டுமா என்று அக்கா கேட்கும்போது, “ஒரு நாள் மட்டும், எந்த நாள்னு சொல்லுக்கா” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். இரண்டு வயதுக் குழந்தை அங்கே சேராது, 3 வயது ஆக வேண்டும். 6 மாதம் முதல் 3 வயதுக்குள் இருப்பவர்களுக்குத் தனிக் குழந்தைக் காப்பகம், மணிக் கணக்கில் கட்டணம், இடம் குறைவு. அக்காவிடம் இப்போதே முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். இதைச் செய்யாத குடும்பங்களில்தான் மாமாவும் அத்தையும் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டு புக்கிங்கையும் இணைத்தால் ஒரே மேஜை, ஒரே பந்தி வரும். இணைக்காமல் விட்டால் வேறு வேறு பந்தியாகிவிடலாம், அப்புறம் நான்கு நாளும் சந்திப்பே இருக்காது. இணையுங்கள், பாலோவில் ஒரு இரவை உங்கள் இருவருக்கும் மட்டும் போட்டுவிடுங்கள். 18 வயது விதி இருப்பதால் யாருக்கும் மனவருத்தம் வராது. கேபின் மட்டும் பக்கத்தில் வேண்டாம், வேறு தளத்தில் எடுங்கள்.

கேள்வி: தனியாகப் போகலாமா? எனக்கு 35 வயது.
— வாசகி, கனடா

போகலாம், பாதுகாப்பும் நன்றாக இருக்கும். தடை விலைதான். கேபினுக்கு இருவர் என்று கணக்கிடுவதால் தனியாள் ஏறக்குறைய இருவர் கட்டணம் கட்ட வேண்டும். தனியாள் கேபின் வேண்டுமானால் நார்வீஜியன் கப்பல்களில் 2010 முதல் ‘ஸ்டூடியோ’ என்று சிறிய கேபின்களே தனியாக இருக்கின்றன. டிஸ்னியேதான் வேண்டும் என்றால் ஜன்னல் இல்லாத உள் கேபின் எடுத்து, மேஜையில் மற்ற பெரியவர்களோடு உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகிப் பதினோரு வருடம். சிகிச்சைகள் எல்லாம் செய்து ஓய்ந்துவிட்டோம். ஒரு கப்பல் பயணம் போக ஆசை. கைக்குழந்தைகளைச் சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருப்பது அவளுக்குத் தாங்குமா என்று தெரியவில்லை. “எத்தனை பிள்ளைங்க?” என்ற கேள்வியும் வரும்.
— வாசகர், பெயர் வேண்டாம்

அப்படியானால் டிஸ்னி இப்போது வேண்டாம். மேலே சொன்ன எல்லா உபாயமும் சத்தத்தைக் குறைக்கும், கண்ணில் படுவதைக் குறைக்காது. நடைவழி, லிஃப்ட், உணவகம் எங்கும் குழந்தைகள் இருப்பார்கள்; “உங்க பிள்ளைங்க எங்கே?” என்று பரிமாறுபவர் கூட இயல்பாகக் கேட்டுவிடக்கூடும்.

18 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டுமே ஏற்றும் கப்பல்கள் இருக்கின்றன. வர்ஜின் வாயேஜஸ் கப்பல்கள் எல்லாமே அப்படித்தான், மயாமியிலிருந்து கரீபியன் போகின்றன. கொஞ்சம் இளமைத் துடிப்பு, சத்தமான இசை. அமைதி வேண்டும் என்றால் வைக்கிங் கடல் கப்பல்கள். அங்கேயும் 18 வயது விதி உண்டு, சூதாட்டக் கூடமும் இல்லை, பயணிகளில் மூத்தவர்கள் அதிகம், விலையும் அதிகம். பிரிட்டனிலிருந்து கிளம்பும் பி அண்ட் ஓ நிறுவனத்தின் ஆர்கேடியா, ஔரோரா இரண்டும் பெரியவர்களுக்கு மட்டுமானவை. இவற்றில் மேஜைக்கு வருபவர் யாரும் பிள்ளைகளைப் பற்றிப் பேச்செடுக்கக் காரணமே இருக்காது. நம்மவர்கள் குழுவாகப் போகும் டூர் பேக்கேஜ் மட்டும் எடுக்காதீர்கள். அந்தக் கேள்வி முதலில் வருவது அங்கேதான்.

கேள்வி: சிங்கப்பூர் டிஸ்னி கப்பலில் தேனிலவு போகலாமா?
— வாசகர், திருச்சி

‘டிஸ்னி அட்வென்சர்’ பற்றிக் கேட்கிறீர்கள். 2026 மார்ச் 10 முதல் பயணம் என்று அறிவித்து மரினா பே க்ரூஸ் சென்டரிலிருந்து இயக்கப்படும் கப்பல் இது. 3 இரவு, 4 இரவுப் பயணங்கள். சுமார் 2,08,000 டன், 6,700 பயணிகள் வரை ஏறலாம். ஜெர்மனியின் விஸ்மர் நகரில் வேறொரு நிறுவனத்துக்காக ‘குளோபல் ட்ரீம்’ என்ற பெயரில் கட்டி முடியாத நிலையில் நின்றுபோன கப்பலை 2022-ல் டிஸ்னி வாங்கி மாற்றியமைத்தது. அதனால் மற்ற டிஸ்னி கப்பல்களின் அமைப்பு இதற்குப் பொருந்தாது. ஃப்ளோரிடாவைப் பற்றி மேலே சொன்ன தள எண்களை இங்கே தேடாதீர்கள்.

முக்கியமான வித்தியாசம்: இந்தக் கப்பல் வேறு எந்தத் துறைமுகத்திலும் நிற்பதில்லை. கடலில் சுற்றிவிட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பும். குடும்பங்கள் கரைக்கு இறங்கிய நேரம் பார்த்துக் கப்பலை அனுபவிக்கும் உபாயம் இங்கே செல்லாது. ஏறியவர் எல்லாரும் எல்லா நாளும் உள்ளேயே இருப்பார்கள். எனவே தேனிலவு என்றால் பால்கனி கேபின் எடுப்பது இங்கே ஆடம்பரம் ஆகாது, ஒதுங்க உங்களுக்கென்று இருக்கும் உறுதியான இடம் அதுதான். கடலைப் பார்க்காமல் உள்முற்றத்தைப் பார்த்த பால்கனிகளும் விற்பனையில் உண்டு. எதிர் பால்கனி உங்களைப் பார்க்கும், கீழே மேடை நிகழ்ச்சியின் சத்தமும் வரும். விலை குறைவாக இருக்கிறதே என்று தொடும் முன் படத்தைப் பாருங்கள்.

வாரத்தைத் தேர்வு செய்யும்போது இரண்டு நாட்டுக் காலண்டரையும் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு மார்ச் நடுவில் ஒரு வாரம், மே கடைசியிலிருந்து ஜூன் முழுக்க, செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு வாரம், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய விடுமுறை. நம் பக்கம் ஏப்ரல், மே, ஆயுத பூஜை, தீபாவளி. இவை எல்லாம் போக மிஞ்சுவது ஜனவரி நடுவிலிருந்து சீனப் புத்தாண்டுக்கு முன்பு வரை, பிறகு ஜூலை, ஆகஸ்ட். ஆடியில் கல்யாணம் இல்லை, தை முகூர்த்தம் என்றால் முதல் கணக்கு உங்களுக்குச் சரியாக அமையும்.

கேள்வி: விசா விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
— பலர்

சிங்கப்பூர்: கப்பல் எந்த நாட்டிலும் நிற்காவிட்டாலும் ஏறும்போது நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியவர், திரும்பும்போது மறுபடி நுழைபவர். இந்திய பாஸ்போர்ட்டில் பலமுறை நுழையும் விசா இருக்க வேண்டும். விமானத்தில் வந்தபோது நிரப்பிய வருகைப் படிவம் போதாது, கப்பலில் திரும்பும் தேதிக்கு முந்தைய 3 நாட்களுக்குள் இன்னொரு முறை நிரப்ப வேண்டும். கப்பல் இணையத்துக்குக் காசு என்பதால் இதை மறந்துவிட்டு இறங்கும் நாளில் தவிக்க வேண்டாம். க்ரூஸ் சென்டருக்கு மரினா சவுத் பியர் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடை தூரம்.

அமெரிக்கா: கிரீன் கார்டு உள்ளவர்கள் கார்டையும் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்திருங்கள், நகல் செல்லாது. எச்-1பி விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரையின் தேதியைப் பாருங்கள். அது காலாவதியாகி, அனுமதிப் படிவம் மட்டும் நடப்பில் இருந்தால் பஹாமாஸ் கப்பலில் ஏறாதீர்கள். காலாவதியான முத்திரையோடு 30 நாளுக்குள் திரும்பலாம் என்ற சலுகை கனடா, மெக்ஸிகோவுக்குத்தான். பக்கத்துத் தீவுகளுக்கு அது எஃப், ஜே விசா மாணவர்களுக்கும் பரிமாற்றப் பயணிகளுக்கும் மட்டும். முத்திரை முடிந்திருந்தால், முழுப் பணம் கட்டும் கெடுவுக்கு முன்பே உங்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.